ஆச்சியின் வாழ்வை எழுதி வைப்பது எப்படி: திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் சபைகளில், எண்பது தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்த ஒரு பாட்டியின் அடக்க ஆராதனையில் வாசிக்கப்படும் வாழ்க்கைக் குறிப்பு பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். பிறந்த தேதி, பெற்றோர் பெயர், திருமண ஆண்டு, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரின் படிப்பும் பார்க்கும் வேலையும், இறுதியாக "பக்தியுள்ள தாயார்", "ஜெபவீராங்கனை" என்னும் இரண்டு சொற்கள். பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த தெரு ஆச்சிக்கும் அதை அப்படியே வாசித்துவிடலாம். அந்தச் சொற்கள் பொய்யல்ல; ஆனால் விடியுமுன் எழுந்து முழங்காலில் நின்ற அந்த ஒரு மனுஷி யார் என்பதை அவை சொல்லுவதில்லை. அவரை அவராகவே எழுதி வைக்க விரும்பும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நான் சொல்லக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முறைக்கு நல்ல முன்மாதிரி வேதத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில், யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்துக் கிடக்கும் மேல்வீட்டுக்குப் பேதுரு வருகிறபோது, விதவைகள் அவளுடைய குணங்களை அடுக்கிச் சொல்லவில்லை. அவள் தங்களோடு இருந்தபோது செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காண்பிக்கிறார்கள். ஆச்சியைப் பற்றி எழுதும் ஒவ்வொரு பத்திக்கும் இந்த அளவுகோலை வையுங்கள்: இந்தப் பத்தியில் காண்பிக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பத்தி இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள்.

வேதாகமத்திலிருந்து தொடங்குங்கள்

ஆச்சி உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் எடுக்க வேண்டியது அவருடைய வேதாகமம். முதல் வெற்றுப் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த நாள், நேரம், ஞானஸ்நான நாள், குடும்பத்தில் நேர்ந்த மரணங்கள் ஆகியவற்றை எழுதி வைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் நெடுநாளாக உண்டு. பிறந்த சில நாளிலேயே இறந்துபோன, பிறகு யாரும் பேசாத ஒரு குழந்தையின் பெயர் அங்கே மட்டும் இருக்கக்கூடும். அந்தப் பக்கத்தைக் கண்டால் ஆச்சியிடமோ மூத்த பிள்ளையிடமோ பொறுமையாகக் கேளுங்கள்.

பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். அடிக்கோடிட்ட வசனங்கள், ஓரத்தில் எழுதிய தேதிகள், உள்ளே செருகிய காய்ந்த குருத்தோலை, மரண அறிவிப்பு அட்டைகள், மருத்துவச் சீட்டு எல்லாமே சான்றுகள். இவற்றுள் நான் மிகவும் மதிப்பது வாக்குத்தத்த அட்டைகளை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று கையில் வாங்கும் வசன அட்டையைப் பல ஆச்சிமார் ஆண்டுதோறும் வேதாகமத்துக்குள் சேர்த்து வைத்திருப்பார்கள். ஆண்டு வரிசையில் அவற்றை அடுக்கி, பக்கத்தில் அந்தந்த ஆண்டில் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதிப் பாருங்கள். தாத்தா இறந்த வருஷத்தில் எந்த வசனம் வந்தது, அதை ஆச்சி எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேட்டால், வேறு எந்தக் கேள்விக்கும் கிடைக்காத பதில் கிடைக்கும். செருகியிருந்த தாளை எடுக்கும்போது அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, பார்த்து முடித்ததும் அதே இடத்தில் வையுங்கள்; அந்த இடமும் ஒரு செய்திதான்.

கிழிந்த பக்கங்களில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். சன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கைப்பேசியை நேர் மேலே பிடித்துப் படமெடுத்தால் போதும். பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்வதானால் அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் செய்யுங்கள். படத்தின் பின்புறம் பெயர் எழுதப் பேனா வேண்டாம், மென்மையான பென்சிலே நல்லது.

தேதிகளைச் சரிபார்த்தல்

அந்தத் தலைமுறைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருப்பது அரிது. பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 1969-இல்தான் வந்தது. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் கணக்குக்காக எழுதிய தேதியே ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் ஏறியிருக்கும். ஆகவே ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுங்கள். அதில் பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், தகப்பனின் தொழில், ஞானஸ்நானம் கொடுத்த குருவானவரின் பெயர் ஆகியவை இருக்கும். தொழில் என்ற இடத்தில் பனையேறுபவர் என்றோ உபதேசியார் (சபையில் வேதம் போதிக்கும் ஊழியர்) என்றோ எழுதியிருந்தால், ஆச்சி பிறந்த வீட்டின் நிலை அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

எங்கே தேடுவது என்பதற்குச் சற்றுச் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். ஆச்சி 1947 செப்டம்பர் 27-க்கு முன் பிறந்திருந்தால், அவர் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு முந்தைய ஆங்கிலிக்கன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். அந்தச் சபைகளிலும், இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு மிஷன் சங்கங்களைப் பொறுத்து, இரண்டு மரபுகள் உண்டு. பாளையங்கோட்டை, மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் போன்றவை சி.எம்.எஸ். மிஷனைச் சேர்ந்தவை; நாசரேத், முதலூர், சாயர்புரம், இடையன்குடி ஆகியவை எஸ்.பி.ஜி. மிஷனைச் சேர்ந்தவை. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஆச்சியானால் அவர் பிறந்த சபை, ஆங்கிலிக்கன் அல்லாத லண்டன் மிஷன் வழியில் வந்திருக்கும். அங்கே வழிபாட்டு முறையும் பதிவு வைக்கும் முறையும் வேறு. இவை தவிர, 2003-இல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்தது. எனவே பழைய தாள்களில் "திருநெல்வேலி அத்தியட்சாதீனம்" (திருமண்டலத்தின் பழைய பெயர்) என்று இருக்கும் மெய்ஞ்ஞானபுரம், நாசரேத் பகுதிச் சபைகளுக்கு இன்று அணுக வேண்டிய அலுவலகம் வேறு. முதலில் அந்தச் சேகரத்தின் (சில சபைகள் சேர்ந்த தொகுதியின்) குருவானவரிடம் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால், முன்னும் பின்னும் ஐந்து ஆண்டுகளைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஞாயிறு காலை ஆராதனை முடிந்த பரபரப்பில் போய்க் கேட்பதைவிட, வாரநாளில் நேரம் கேட்டுக்கொண்டு போவது மரியாதை.

திருமணப் பதிவேட்டை விட்டுவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி மணமக்களும் இரண்டு சாட்சிகளும் அதில் கையொப்பமிட வேண்டும். இருபது வயதுகூட நிரம்பாத உங்கள் ஆச்சி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போட்ட கையெழுத்து அங்கே இருக்கும். அல்லது பெருவிரல் ரேகை இருக்கும். ரேகையாக இருந்து, பிற்காலத்தில் அவர் வேதாகமத்தை எழுத்துக் கூட்டி வாசித்தவராக இருந்தால், எப்போது, யாரிடம் வாசிக்கக் கற்றார் என்ற கேள்வி எழும். வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு வேதம் கற்பித்த பைபிள் உமனிடமா, ஓய்வுநாள் பாடசாலையிலா, தன் சொந்தப் பிள்ளையிடமா? அந்தப் பதில் ஒரு முழு அத்தியாயமாகலாம். ஆசிரியையாக வேலை பார்த்தவர் என்றால் திருமண்டலத்தைச் சேர்ந்த டி.டி.டி.ஏ. பள்ளிகளின் பணிப்பதிவேடு, மாறுதல் உத்தரவுகள் ஆகியவை ஊர் ஊராக அவர் வாழ்ந்த வரிசையைச் சொல்லும்.

தாளில் கிடைக்காத தேதிகளை நிகழ்ச்சிகளோடு சேர்த்துக் கேளுங்கள். "எந்த வருஷம்?" என்ற கேள்விக்குப் பதில் வராது, "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா, பின்னாலா?" என்றால் உடனே வரும். 1942-இல் பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்து திரும்பியது, 1957-இல் அணாக் கணக்குப் போய் நயா பைசா வந்தது, 1964 டிசம்பர்ப் புயல், 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் ஆகியவை இந்தப் பகுதி முதியவர்களின் நினைவில் ஊன்றிய கம்பங்கள். இவற்றுக்கிடையே குடும்ப நிகழ்ச்சிகளை வைத்து ஒரு தாளில் கோடு கிழித்துக்கொண்டால் பின்னால் எழுதும்போது குழப்பம் வராது.

ஆச்சியைப் பேச வைத்தல்

ஆச்சி உயிரோடு இருந்தால் இதை அடுத்த விடுமுறைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க ஆச்சி" என்று ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தால், "என்னத்தச் சொல்ல, கர்த்தர் இம்மட்டும் நடத்துனாரு" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். அது அடக்கம், அதோடு, தம் வாழ்வு சொல்லத்தக்கது என்று அந்தத் தலைமுறைப் பெண்களிடம் யாரும் சொன்னதில்லை என்பதும் காரணம். பொருள்களைக் கையில் கொடுத்துப் பேச வையுங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் கல்யாணப் புடவை, கருப்பட்டி காய்ச்சிய சட்டி, ஞானப்பாட்டும் கீர்த்தனையும் சேர்ந்த பழைய புத்தகம், கோயிலுக்கு எடுத்துச் செல்லும் சுருக்குப்பை என எதுவானாலும் கையில் வந்ததும் வாய் திறக்கும்.

காலைப் பலகாரத்துக்குப் பிறகான நேரம் நல்லது. அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை விமான நிலையில் மாற்றி, மடித்த துண்டின் மேல் ஆச்சியின் அருகே வையுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதியையும் இடத்தையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சை எழுத்தாக்கும்போது "வந்தாக", "இருந்துச்சு" என்ற அவருடைய வழக்கை மேற்கோளுக்குள் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்; அதைத் திருத்தி எழுதுவது அவருடைய குரலை எடுத்துவிட்டு நம் குரலை வைப்பதாகும்.

கேட்கத் தகுந்த கேள்விகள் சிறியவையாக இருக்கட்டும். கோயிலில் பெண்கள் பக்கத்தில் அவர் எந்த இடத்தில் உட்காருவார், பக்கத்தில் யார் உட்காருவார்கள்? திடப்படுத்தல் (சபையின் முழு அங்கமாகும் சடங்கு) எடுத்த நாளில் யாருடைய வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தார்? அறுப்பின் பண்டிகைக்குத் தன் கையால் எதைக் கொண்டுபோய்ப் படைப்பார், ஏலத்தில் எதை எடுத்து வருவார்? சபையார் கூடிச் சமைத்து உண்ணும் அசன பண்டிகையில் அவர் வேலை காய் நறுக்குவதா, பந்தி பார்ப்பதா? எந்தக் கீர்த்தனையைப் பாடும்போது குரல் தழுதழுக்கும்? என்ன பொருத்தனை பண்ணினார், அது எப்போது நிறைவேறியது? உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடும் கைப்பிடி அரிசிக் காணிக்கையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். வீட்டில் அரிசியே குறைவாக இருந்த நாள்களில் அந்தப் பிடியை என்ன செய்தார் என்றும் கேளுங்கள். பக்தியைப் பற்றி நேரடியாகக் கேட்டால் கிடைக்காத உண்மை அந்தப் பதிலில் இருக்கும். 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்துக்கு மாதாமாதம் சில்லறை சேர்த்துக் கொடுத்தவர்கள் நம் ஆச்சிமாரில் பலர். தெலுங்குப் பகுதியில் சங்கத்தின் பணித்தளமான தோர்ணக்கல்லைப் படத்தில்கூடப் பார்த்திராத ஒரு பெண், அங்குள்ள ஊழியருக்காக ஏன் அரைக்காசை எடுத்து வைத்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்டுப் பதிய வேண்டும்.

பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். புத்தகம் இல்லாமல் எத்தனை பாட்டு, எத்தனை சங்கீதம் சொல்ல முடிகிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். இன்று சபையில் பாடப்படாமல் போன பழைய ராகங்கள் அந்தக் குரல்களில்தான் மிச்சமிருக்கின்றன. ஆனால் அவர் ஜெபம் பண்ணும்போது சொல்லாமல் ஒலிப்பதிவு செய்யாதீர்கள். அனுமதி கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள். வேண்டாம் என்றால் அந்தச் சொல்லோடு விட்டுவிடுங்கள்.

மற்றவர்களிடம் கேட்பது

பிள்ளைகளின் நினைவு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே வீட்டுக்கு வெளியே போங்கள். ஸ்திரீகள் ஐக்கிய சங்கத்தில் கூட இருந்தவர்கள், அவரிடம் ஓய்வுநாள் பாடசாலையில் மனனவசனம் படித்தவர்கள், பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்தார், மீன் கொண்டுவந்து கொடுத்தவர், வயலில் கூட வேலை செய்தவர் என ஒவ்வொருவரும் வேறொரு ஆச்சியைக் காட்டுவார்கள். பிரசவ வலி கண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக இரவெல்லாம் விழித்திருந்தது, கைமாற்றாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்காமல் விட்டது போன்றவை பிள்ளைகளுக்கே தெரியாமல் இருக்கும். முதல் தலைமுறையில் கிறிஸ்தவரான குடும்பமானால், பழைய சமயத்திலேயே இருக்கும் உறவினரையும் தேடிப் போங்கள். குடும்பம் இரண்டாகப் பிரிந்தபோது எந்தக் கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை அவர்கள் பக்கத்திலிருந்தும் கேட்பதே நேர்மை.

எழுதும்போது

அடக்க ஆராதனைக்கான குறிப்பு கையெழுத்தில் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குமேல் துக்க வீட்டார் நின்று கேட்க முடியாது. பேரப்பிள்ளைகளின் பட்டங்களை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்; அந்த நாள் ஆச்சிக்குரியது. பிறப்பு, திருமணம், மரணம் ஆகிய மூன்று தேதிகளையும், அவர் செய்துவந்த ஒரு காரியத்தையும், அவர் சொல்லிவந்த ஒரு சொல்லையும், அவருக்குப் பிரியமான ஒரு வசனத்தையும் வைத்தால் போதும். விரிவானதை முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்குச் சிறு புத்தகமாகக் கொண்டுவரலாம். அந்த ஓராண்டு வீணான காத்திருப்பு அல்ல. துக்கம் சற்று அடங்கிய பிறகே பலருக்கு நினைவு தெளிவாகிறது.

புத்தகத்தைப் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆச்சியின் ஒரு சாதாரண நாளை, விடியற்கால ஜெபத்திலிருந்து இரவுக் குடும்ப ஜெபம் வரை, முழுமையாக எழுதி முதல் அத்தியாயமாக வைத்துப் பாருங்கள். அதன்பின் வரும் தேதிகளுக்கு உயிர் வந்துவிடும். எழுதி முடித்ததும் "மிகுந்த", "ஆழமான", "தியாகமே உருவான" போன்ற அடைகளை அடித்துவிட்டு மறுபடி வாசியுங்கள். அப்போதும் அவருடைய பக்தி தெரிகிறதென்றால் எழுத்து நிற்கிறது. வசனங்களை அளவாக வையுங்கள். அவர் அடிக்கோடிட்டவற்றை மட்டும் வைப்பது என் பரிந்துரை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவன் பாட்டியாகிய லோவிசாளைப் பெயர் சொல்லி ஒரே வசனத்தில்தான் குறிப்பிடுகிறார். அது போதுமானதாக இருந்தது.

கடினமான பகுதி, துக்கத்தையும் சச்சரவையும் பற்றியது. மகனை இழந்தபின் சில மாதங்கள் கோயிலுக்குப் போகாமல் இருந்தார் என்றால் அதை எழுதலாம் என்பதே என் கருத்து. மறுபடி எப்படிப் போனார் என்பதற்கு அப்போதுதான் பொருள் உண்டு. சந்தேகமே இல்லாத விசுவாசியாக அவரைக் காட்டினால், சந்தேகத்தோடு போராடும் பேத்திக்கு அந்த ஆச்சி எட்டாத உயரத்துக்குப் போய்விடுவார். ஆனால் சொத்துத் தகராறு, சபைத் தேர்தல் சண்டை, மருமக்களோடு இருந்த மனத்தாங்கல் போன்றவற்றுக்கு வேறு அளவுகோல் வேண்டும்: ஆச்சி அதைத் தானே வெளிப்படையாகப் பேசியிருந்தாரா, எழுதினால் உயிரோடிருப்பவர் யாருக்காவது காயமா என்று பாருங்கள். ஐயமிருந்தால் அதைத் தனித்தாளில் எழுதிக் குடும்பக் கோப்பில் வையுங்கள், அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அவருடைய ஜெபக் குறிப்பேட்டுக்கும் இதே கவனம் தேவை. அதில் அடுத்தவர் வீட்டு நோய், கடன், குடிப்பழக்கம் எல்லாம் பெயரோடு இருக்கும். கர்த்தரிடம் மட்டும் சொல்லும்படி நம்பிச் சொன்னவை அவை. எத்தனை பேருக்காக, எத்தனை ஆண்டுகளாக ஜெபித்தார் என்று எழுதுங்கள்; யாருக்காக என்பதை எழுதாதீர்கள்.

அச்சும் பாதுகாப்பும்

அச்சுக்குப் போகுமுன், பெயர்களையும் தேதிகளையும் குடும்பத்தின் மூத்தவர் ஒருவரும் வெளியார் ஒருவரும் தனித்தனியாகச் சரிபார்க்கட்டும். டெம்மி எட்டில் ஒரு பங்கு அளவில், பக்கங்கள் 16-இன் மடங்காக வருமாறு அமைத்தால் ஆப்செட்டில் தாள் வீணாகாது. சில பிரதிகள் மட்டும் போதுமென்றால் டிஜிட்டல் அச்சே மலிவு. எழுத்தின் அளவைக் குறைக்காதீர்கள், ஆச்சியின் தோழிகளும் வாசிக்க வேண்டும். இரண்டு பிரதிகளைச் சபையின் அலுவலக அறையில் பதிவேடுகளோடு வைக்கக் கொடுங்கள். இல்லையென்றால், நாளை ஊர்ச் சபையின் சரித்திரம் எழுதுபவருக்குக் குருவானவர்களாகிய ஐயர்மார் பெயர்களே கிடைக்கும், கைப்பிடி அரிசி போட்ட பெண்களின் பெயர் கிடைக்காது.

ஒலிப்பதிவுகளையும் படங்களையும் ஒரே கைப்பேசியில் விட்டுவைக்காமல், வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மூன்று பேரிடம் பிரதியெடுத்துக் கொடுங்கள். கோப்பின் பெயரில் தேதியும் பொருளும் இருக்கட்டும். புத்தகம் வெளியான சில வாரங்களில், "அந்த வருஷம் அது இல்ல, அதுக்கு முந்துன வருஷம்" என்று யாராவது தொலைபேசியில் அழைப்பார்கள், இன்னொருவர் யாரும் கேள்விப்படாத ஒன்றைச் சொல்லுவார். இரண்டையும், சொன்னவர் பெயரோடும் சொன்ன தேதியோடும், உங்கள் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, அந்தப் பக்கங்களைப் படமெடுத்து மற்ற மூவருக்கும் அனுப்பிவிடுங்கள்.